நுவரெலியாவில் பன்னிரண்டு மாதமும் குடியிருக்க

ஏப்ரல் மாத வசந்த காலத்தில் இரண்டு நாள் தங்கி, மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் பார்த்த உற்சாகத்தில் இலங்கையின் மலைநகரான நுவரெலியாவில் வீடு எடுக்க நினைப்பவர்கள் பலர். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் ஜூலையில் ஒரு முறை வந்து தங்கிப் பாருங்கள் என்றே அவர்களுக்குச் சொல்வேன். 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள இந்த ஊரில் ஆண்டை நடத்துவது காற்றும் மழையுமே. அவற்றின் போக்கை அறிந்து நாட்களை ஒழுங்கு செய்பவருக்கு எல்லா மாதமும் நல்ல மாதந்தான்.

வீட்டைத் தெரிவு செய்வதில் அவசரம் வேண்டாம். காலை வெயில் உள்ளே விழும்படி கிழக்கே சன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். அலுமாரியைச் சற்று இழுத்து, அதன் பின்னால் உள்ள சுவரைத் தடவிப் பாருங்கள். அங்கே கறுப்புப் பூஞ்சணப் புள்ளிகளும் ஈர வாடையும் இருந்தால், மே மாதம் முதல் உங்கள் உடுப்பும் புத்தகமும் அதே கதிக்கு ஆளாகும். வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்களில் கணப்பு இருக்கும். அதன் புகைபோக்கி அடைபடாமல் இருக்கிறதா என்று கேட்டறிந்து, விறகை மழைக்கு முன்பே வாங்கிக் காயவைத்துக்கொள்ள வேண்டும். குளிருக்காகக் கரிச்சட்டியைப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்; அதிலிருந்து வெளிவரும் காபனோரொட்சைட்டு வாடையே இல்லாமல் உயிரைக் குடித்துவிடும். சமையலிலும் ஒரு மாற்றம் உண்டு. இந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுவதால் பருப்பும் கடலையும் வேக நேரம் எடுக்கும்; பிரஷர் குக்கர் அவசியம்.

ஜனவரி முதல் மார்ச் வரை வெளியே திரிவதற்கு ஏற்ற காலம். வானம் தெளிந்த இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி இறங்கி, விடியும்போது புல்லிலும் கரட் பாத்தியிலும் உறைபனி வெள்ளையாகப் பூத்திருக்கும். வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் மாலையிலேயே நாற்றுகளைச் சாக்கால் மூடிவிட வேண்டும். ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குப் போக இந்த மாதங்களே சிறந்தவை. பத்து மணிக்குப் பிறகு அங்குள்ள ‘உலக முடிவு’ என்னும் செங்குத்துப் பள்ளத்தாக்கை மூடுபனி அடைத்துக்கொள்வது வழக்கமாதலால், இருட்டோடு புறப்பட்டுப் பட்டிப்பொல வழியாகச் சென்று, சுமார் ஒன்பது கிலோமீற்றர் சுற்றுப்பாதையை அதிகாலையிலேயே தொடங்கிவிடுங்கள். பொலித்தீன் பைகளை வாயிலிலேயே எடுத்துவிடுவார்கள் என்பதால் சாப்பாட்டைப் பெட்டியில் கட்டிக்கொள்ளுங்கள்.

தொலைவு போக நேரமில்லாதவர்களுக்கு, 1897இல் பெயர் சூட்டப்பட்ட விக்டோரியா பூங்கா போதும். பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பானையும் ஆறுமணிக்குருவியையும், நகரின் நடுவே, ஓடையோரத்துப் புதர்களில் அசையாமல் நின்றால் பார்த்துவிடலாம். மாசி, பங்குனியில் தேயிலைத் தோட்டங்களில் நடக்கும் காமன்கூத்தைத் தவறவிடாதீர்கள். உல்லாசப் பயண விளம்பரங்களில் இடம்பெறாத இந்த இரவுக்கூத்துதான் இம்மலைகளில் உழைத்த மக்களின் சொந்தக் கலை.

ஏப்ரலில் அறை வாடகையும் வாகன நெரிசலும் ஏறிவிடும். 1873இல் உருவாக்கப்பட்ட கிரகரி வாவிக் கரையில் நடக்க விரும்பினால் விடியற்காலையில் நடந்துவிட்டு, வீட்டுச் சாமான்களை மார்ச் கடைசியிலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

மே மாதக் கடைசியில் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் செப்டெம்பர் வரை தூறலும் மூட்டமும் நீடிக்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் மனம் சோர்ந்து போவது இந்த மாதங்களில்தான். ஆனால் மேற்கிலிருந்து வரும் மழைமேகத்தை மலைத்தொடர் தடுத்துவிடுவதால், அதே காலத்தில் மலைக்குக் கிழக்கே உள்ள ஊவா மாகாணப் பக்கம் உலர்ந்து கிடக்கும். ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தருவதும் அந்த வறண்ட காற்றே. எனவே சீதா எலியவில் அம்மனைக் கும்பிட்டு, 1861இல் மலேரியா மருந்து தரும் சிங்கோனா மரங்களை வளர்ப்பதற்காகத் தொடங்கப்பட்ட ஹக்கல தாவரவியல் பூங்காவையும் தாண்டி வெலிமடை வீதியில் இறங்கினால், பெரும்பாலும் நல்ல வெயில் காயலாம். வாரத்தில் ஒரு நாளாவது இப்படி இறங்கிவருபவர்களுக்கு மழைக்காலம் பாரமாகத் தெரியாது.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் உல்லாசத்தை ஒதுக்கிவைத்து, எச்சரிக்கையாக இருங்கள். 2025 நவம்பரில் டிட்வா புயல் கொண்டுவந்த மழையில் மலையகமெங்கும் மண் சரிந்து உயிர்களும் வீடுகளும் பாதைகளும் அழிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நிலத்திலோ சுவரிலோ புதிதாக வெடிப்பு விழுந்தாலும், மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தாலும், ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினாலும் அல்லது வற்றினாலும், அறிவித்தலுக்காகக் காத்திராமல் வெளியேறுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் என்றால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். அடையாள அட்டை, மருந்து, டோர்ச் ஆகியவற்றை ஒரு பையில் கட்டிக் கதவருகே வைத்து, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.