1915 கலவரத்தை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை வரலாற்றை எழுதத் தொடங்கும் இளையவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்து வருகிறேன். 1915ஆம் ஆண்டுச் சிங்கள – முஸ்லிம் கலவரம் பற்றி அண்மையில் வந்த கட்டுரைகளில், என் பழைய பிழைகளே மீண்டும் வந்திருந்தன. பெயர், தேதிப் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

வெலிக்கடையிலிருந்து தொடங்குதல்

கொழும்பு நகரக் காவற்படைக் கப்டனாக இருந்த சிங்களவர் ஹென்றி பேதிரிஸ், கலவரத்தைத் தூண்டினார் என்ற குற்றச்சாட்டில், ஜூலை 7 அன்று, 26 வயதில், வெலிக்கடைச் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உருக்கமான காட்சி என்பதால் எல்லோரும் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதைப் படித்த முஸ்லிம் முதியவர் ஒருவர், துருவேறிய சாவியொன்றை மேசையில் வைத்து, "தம்பி, இது எங்கட வாப்பாட கடைச் சாவி. அந்தக் கடை உங்கட கட்டுரையில எங்க இருக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மே 28, பௌத்தப் பண்டிகையான வெசாக் இரவில், கண்டிப் பள்ளிவாசலருகே ஊர்வலம் செல்வது தொடர்பாக மூண்ட சச்சரவு சில நாள்களிலேயே பல மாவட்டங்களுக்குப் பரவியது; ஜூன் 2 அன்று இராணுவச் சட்டம் வந்தது. கலவரம் அடங்குவதற்குள் 4,000க்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டு, 86 பள்ளிவாசல்கள் சேதமுற்றன. இந்த நாள்களைத் தாண்டிக் குதித்தால், உயிரையும் உடைமையையும் இழந்த முஸ்லிம்கள் தம் சொந்தக் கதையிலிருந்தே காணாமற்போகிறார்கள். பிரித்தானிய ஆளுநர் சாமர்ஸின் ஆட்சி சிங்களத் தலைவர்களான சேனநாயக்க சகோதரர்களைச் சிறையிட்டதும், விசாரணையின்றிப் பலர் சுடப்பட்டதும், பேதிரிஸை இராணுவ நீதிமன்றம் அவசரமாகத் தண்டித்ததும் கொடுமைகளே. ஆனால் ஓர் அநீதியைச் சொல்வதற்காக மற்றொன்றை மறைக்க வேண்டியதில்லை. இன்றும் இதை ஒவ்வொரு கட்டுரையிலும் திருத்த வேண்டியிருப்பது எனக்குக் கோபமூட்டுகிறது.

"மதச்சண்டை" என்று மட்டும் எழுதுதல்

பள்ளிவாசலருகே இசையோடு செல்லும் பௌத்த ஊர்வலம் பற்றிய கம்பளைப் பெரஹரா வழக்கின் மேன்முறையீட்டுத் தீர்ப்பு, போர்க்கால விலையேற்றம், தென்னிந்தியாவிலிருந்து வந்து வணிகம் செய்த முஸ்லிம்களான கரையோரச் சோனகர்மீது இருந்த காழ்ப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கரையோரச் சோனகரையும் இலங்கைச் சோனகரையும் ஒன்றாக்குதல்

கூடாது. பின்னவர்கள் தலைமுறைகளாக இலங்கையிலேயே வாழ்ந்துவந்த முஸ்லிம்கள்.

அப்போதே சுதந்திரம் கேட்டதாக எழுதுதல்

முதலில் கேட்கப்பட்டவை விசாரணையும் சீர்திருத்தமுமே. பேதிரிஸின் மரணம் மூட்டிய சினம் அரசியல் அமைப்பாகத் திரண்டது, 1919இல் பொன்னம்பலம் அருணாசலத்தின் தலைமையில் இலங்கைத் தேசிய காங்கிரஸ் உருவானபோதுதான்.

இராமநாதனின் வண்டியோடு நிறுத்துதல்

போர்க்காலக் கடலைக் கடந்து இலண்டன் சென்று சிங்களத் தலைவர்களுக்காக வாதாடிய தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் வண்டியை, அவர் திரும்பியபோது சிங்களவர்கள் தாமே இழுத்துச் சென்ற காட்சியைத் தமிழர் நாம் பெருமையோடு எழுதுகிறோம். தாக்கப்பட்ட முஸ்லிம்களை அந்த வாதம் எவ்வளவு புண்படுத்தியது என்பதையும் அதே பத்தியில் எழுதுங்கள்.