படம் பாதியில் நின்றால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

மழைச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். இணையப் படங்களை டிவியில் காட்ட அதில் செருகும் குட்டிக் கருவியான ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கில் பத்து மணி நேர மழைக் காணொளி ஒன்றைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். நள்ளிரவைத் தாண்டி 2 மணிக்கு மழை நின்றுவிடும். அந்த நிசப்தமே என்னை எழுப்பிவிடும். ஸ்டிக்கின் மேல்தான் சந்தேகம். அதை ஃபேக்டரி ரீசெட் செய்தேன். செயலிகளை மறுபடி நிறுவினேன். ரிமோட்டின் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி ஐந்தாறு கடவுச்சொற்களை எழுத்தெழுத்தாக உள்ளிட்டேன். அன்றிரவும் 2 மணிக்கு மழை நின்றது. காணொளியைப் போட்டது 10 மணிக்கு. கூட்டிக் கழித்துப் பார்த்திருந்தால் ஒரு மாலைப்பொழுது மிச்சமாகியிருக்கும்: நிறுத்தியது ஸ்டிக் இல்லை, டிவி.

எல்லாரும் செய்யும் முதல் தவறு இதுதான். ஓட்டத்தை நிறுத்தக்கூடியவர்கள் பலர்: செயலி, ஸ்டிக், டிவி, மின்சாரம், இணையம். யார் நிறுத்தினார்கள் என்று தெரியாமலே அமைப்புகளை மாற்றத் தொடங்கிவிடுகிறோம். ஒவ்வொரு முறையும் ஒரே கால அளவில் நின்றால் எங்கோ ஒரு டைமர் இருக்கிறது என்று பொருள். ஒரு நாள் 40 நிமிடத்திலும் மறுநாள் மூன்று மணி நேரத்திலும் நின்றால் டைமரைத் தேடுவதில் பயனில்லை. மின்சாரத்தையும் வெப்பத்தையும் வைஃபையையும் பாருங்கள்.

சரியாக 4 மணி நேரம் என்றால் பெரும்பாலும் டிவிதான். கடைசியாக யாரும் தொட்டதிலிருந்து 4 மணி நேரத்துக்குள் டிவி தானாக அணைய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2009ஆம் ஆண்டு விதியிலேயே சொல்லியிருக்கிறது. பல டிவிகளில் அதே கெடு இயல்பாகவே அமைந்திருக்கும். டிவியின் அமைப்புகளில் மின்சேமிப்பு அல்லது டைமர் என்ற பகுதிக்குள் அது ஒளிந்திருக்கும். இதில் ஒரு சங்கடமும் உண்டு. ஸ்டிக்கின் ரிமோட் புளூடூத் வழியாக ஸ்டிக்கிடம் மட்டும் பேசினால், நீங்கள் அதை எத்தனை முறை அழுத்தினாலும் டிவிக்கு அது தெரியாமல் போகலாம். டிவியின் கணக்கில் அறையில் ஆளே இல்லை. போதாக்குறைக்கு எச்டிஎம்ஐ சிஇசி இருக்கிறது; எச்டிஎம்ஐ இணைப்பின் வழியே கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளையிடும் வசதி அது. டிவி அணையும்போது ‘நீயும் தூங்கு’ என்று ஸ்டிக்குக்கும் அது சொல்லிவிடும். சாம்சங் இதற்கு அனிநெட் பிளஸ் என்றும், எல்ஜி சிம்ப்லிங்க் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும் பெயர் வைத்திருக்கின்றன. இரண்டும் சேர்ந்து அணைந்து கிடக்கும்போது நமக்கு ஸ்டிக்கே குற்றவாளியாகத் தெரிகிறது.

ரோக்கு நிறுவனத்தின் ஸ்டிக்குகளிலும் ஒரு 4 மணி நேரக் கணக்கு உண்டு. நெட்வொர்க் அமைப்புகளில் உள்ள ‘பேண்ட்விட்த் சேவர்’ அது; அவ்வளவு நேரம் யாரும் ரிமோட்டைத் தொடாவிட்டால் டேட்டாவை மிச்சப்படுத்தப் படத்தை நிறுத்திவிடும். இரண்டையும் வேறுபடுத்துவது எளிது: திரை இருண்டு கிடந்தால் டிவி, இன்னும் பார்க்கிறீர்களா என்ற கேள்வி திரையில் நின்றால் ரோக்கு.

அந்தக் கேள்வி மூன்று எபிசோடுகளுக்குப் பிறகோ ஒன்றரை மணி நேரத்திலோ வந்தால் அது செயலியின் வேலை. நெட்ஃபிளிக்ஸ் இப்படித்தான் கேட்கும். இதற்கு, திரை சும்மா இருக்கும்போது தானாக வரும் படங்களான ஸ்கிரீன் சேவரை அணைப்பதுதான் பலரும் செய்யும் வைத்தியம். நோய் ஒன்று, மருந்து வேறு. காணொளி ஓடும்போது திரையைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது செயலியின் பொறுப்பு. ஸ்கிரீன் சேவர் குறுக்கே வருவதில்லை. பாட்டு மட்டும் ஓடும்போதும், படத்தை பாஸ் செய்துவிட்டு நீங்கள் எழுந்து போகும்போதும்தான் அது தலைகாட்டும். நெட்ஃபிளிக்ஸின் கேள்வியைத் தள்ளிப்போட, இடையில் ஒருமுறை ரிமோட்டை எடுத்து எதையாவது அழுத்தினாலே போதும்.

கூகுள் டிவி மென்பொருளில் ஓடும் கருவி வைத்திருப்பவர்கள் விழும் குழி வேறு. மின்சேமிப்புப் பகுதியில் இரண்டு நேரங்கள் இருக்கின்றன: சும்மா இருக்கும்போது ஒன்று, பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்று. முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு, ‘மாற்றியும் நிற்கிறதே’ என்று அலுத்துக்கொள்பவர்கள் நிறைய. நீண்ட ஓட்டத்தைத் தீர்மானிப்பது இரண்டாவது.

ஒழுங்கில்லாமல் நிற்கும் விவகாரத்தில், என் கண்ணுக்கு முதலில் படுவது டிவியின் பின்பக்க யுஎஸ்பி துளைதான். வயர் தொங்காமல் அழகாக இருக்கிறது என்று ஸ்டிக்கின் மின்கம்பியை அதில் செருகிவிடுகிறோம். யுஎஸ்பி 2.0 துளையின் வரையறை 5 வோல்ட், அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட். ஸ்டிக்குடன் வரும் அடாப்டர்கள் பொதுவாக 5 வாட் அல்லது அதற்கு மேல் தருபவை. மெனுவில் உலவும்போது பிரச்சினை தெரியாது. கனமான 4கே படம் ஓடும்போது மின்சாரம் போதாமல் ஸ்டிக் தானே அணைந்து மறுபடி தொடங்கும். நின்ற பிறகு திரையில் நிறுவனத்தின் லோகோ வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது டைமர் இல்லை. அடாப்டரைச் சுவரில் செருகுங்கள். டிவிக்கும் சுவருக்கும் நடுவே காற்றில்லாமல் ஸ்டிக் வெந்துகொண்டிருந்தாலும் இதே கூத்துதான். பெட்டியில் ஒரு குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்புக் கம்பி இருந்திருக்கும். தேவையில்லை என்று அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

போனிலிருந்து பார்ப்பவர்கள் காஸ்ட் செய்வதையும் திரையைப் பிரதிபலிப்பதையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். காஸ்ட் செய்தால் படத்தை ஸ்டிக்கே இணையத்திலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும். போன் தூங்கினாலும் கவலையில்லை. பிரதிபலித்தால் போனின் திரை அணையும் நேரத்தில் படமும் போய்விடும்.

இன்னொரு பக்கம், கண்ணில் பட்ட டைமர் எல்லாவற்றையும் ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று வைத்துவிடுவதும் தவறுதான். தரத்தைப் பொறுத்து நெட்ஃபிளிக்ஸ் மணிக்கு எச்டியில் 3 ஜிபி வரையும் 4கேயில் 7 ஜிபி வரையும் இழுக்கும். யாரும் பார்க்காத படம் இரவெல்லாம் ஓடினால் மாத டேட்டா என்னவாகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஓஎல்இடி திரையில் அசையாத படம் மணிக்கணக்கில் நின்றால் அதன் தடம் பதிந்துவிடும் அபாயமும் இருக்கிறது. எட்டு மணி நேரம் என்ற தெரிவு இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றுங்கள். தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள். என் டிவியில் எட்டு மணி நேரத் தெரிவு இல்லாததால் தானாக அணையும் கெடுவையே நீக்கிவிட்டேன். அதிலேயே திரையை மட்டும் அணைக்கும் வசதியும் இருந்தது. இப்போது அறை இருட்டாக இருக்கிறது, விடியும்வரை மழை பெய்கிறது.