எலக்ட்ரிக் கார் வாங்கப் போறீங்களா? ரேஞ்ச், விலை கணக்கை முதல்ல போட்டுப் பாருங்க

பெரிய பேட்டரின்னா ரேஞ்ச், அதாவது ஒரு ஃபுல் சார்ஜ்ல ஓடுற தூரம், ஜாஸ்தி, விலையும் ஜாஸ்தி. அந்த எக்ஸ்ட்ரா ரேஞ்ச் நமக்குத் தேவையாங்குறதுதான் விஷயமே, அதனால ஷோரூம் பக்கம் போறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க.

ஸ்டெப் 1: இப்போ இருக்குற காரோட கடைசி ரெண்டு சர்வீஸ் பில்லை எடுங்க. ரெண்டுலயும் கிலோமீட்டர் போட்டிருப்பாங்க, கழிச்சு நாளால வகுத்தா ஒரு நாளைக்கு எவ்ளோ ஓட்டுறீங்கன்னு தெரிஞ்சுடும். மனசுல இருக்குற நம்பரை நம்பாதீங்க, எல்லாரும் கூட்டித்தான் சொல்லுவோம்.

ஸ்டெப் 2: கம்பெனி சொல்ற ரேஞ்ச்ல கால்வாசியைக் கழிச்சிடுங்க. எம்ஜி விண்ட்சர்ங்குற எலக்ட்ரிக் கார் 2024-ல வந்தப்போ 38 கிலோவாட் ஹவர் (அதாவது 38 யூனிட் கரண்ட் பிடிக்குற) பேட்டரி, ரேஞ்ச் 330 கிலோமீட்டர் சொச்சம்னு சொன்னாங்க, அது டெஸ்ட் கணக்கு, நம்ம ஊரு வெயில்ல ஏசி போட்டு ஓட்டுனா 250 வந்தாலே சந்தோஷம். அதுலயும் 20 சதவீதத்துக்குக் கீழ இறக்க யாருக்கும் தைரியம் வராது, ஆக கைல நிக்குறது 200. சென்னையில இருந்து பாண்டிச்சேரி தாராளமா போகலாம், திருச்சின்னா வழில சார்ஜ் போட்டே ஆகணும்.

ஸ்டெப் 3: வீட்டு பார்க்கிங்ல 15 ஆம்ப் பிளக் இருக்கா? ராத்திரி எட்டு மணி நேரம் போட்டா 20 யூனிட்டுக்கு மேல ஏறிடும், அதுவே 130 கிலோமீட்டர். தினம் 40 கிலோமீட்டர் ஓட்டுறவங்களுக்கு சின்ன பேட்டரியே போதும். ஃப்ளாட்டா இருந்தா முதல்ல அசோசியேஷன்ல பேசிடுங்க, கார் வந்தப்புறம் பேசுனா தலைவலி.

ஸ்டெப் 4: இதுதான் முக்கியமானது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபா, மைலேஜ் 15-ன்னா கிலோமீட்டருக்கு ஆறரை ரூபாய்க்கு மேல ஆகுது. வீட்டு கரண்ட்ல ஒன்றரை ரூபா, ஏன்னா கார் சார்ஜ் சேர்ந்து ரெண்டு மாச ஈபி பில் 500 யூனிட்டைத் தாண்டிடும், மேல் ஸ்லாப் ரேட்டுல போட்டுதான் சொல்றேன். மிச்சம் 5 ரூபா. எலக்ட்ரிக் கார் 3 லட்சம் கூடுதல்னா 60,000 கிலோமீட்டர் ஓட்டுனாத்தான் போட்ட காசு திரும்பும். தினம் 40 ஓட்டுறவருக்கு நாலு வருஷம் சொச்சம், 15 ஓட்டுறவருக்கு பத்து வருஷத்துக்கு மேல, அவர் பெட்ரோல்லயே இருக்கலாம்னுதான் நான் சொல்லுவேன். வெளில ஃபாஸ்ட் சார்ஜரையே நம்பி இருந்தா யூனிட் ரேட் ரெண்டு மடங்குக்கும் மேல போகும், இந்தக் கணக்கே மாறிடும்.

ஸ்டெப் 5: பேட்டரி வாடகை, அதாவது பேட்டரியை விலைக்கு வாங்காம ஓட்டுற கிலோமீட்டருக்கு வாடகை கட்டுறது. விண்ட்சர் அறிமுக விலை முழுசா 13.50 லட்சம், வாடகைல 9.99 லட்சம், ஆனா கிலோமீட்டருக்கு 3.50 ரூபா தனி. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட்டுனா வித்தியாசம் சரியாப் போச்சு, அதுக்கு மேல நஷ்டம். கரண்ட்டும் சேர்த்தா 5 ரூபா, பெட்ரோலோட மிச்சம் ஒண்ணரைதான்! மாசத்துக்கு மினிமம் கிலோமீட்டர் கண்டிஷன் என்னன்னும் கேட்டுக்கோங்க.

டெஸ்ட் டிரைவ்ல ஏசியை ஃபுல்லா வச்சு, ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணிட்டு ஓட்டுங்க. ஸ்க்ரீன்ல கிலோமீட்டருக்கு 150 வாட் ஹவர்னு காட்டுனா 38,000-ஐ (38 கிலோவாட் ஹவர்னா 38,000 வாட் ஹவர்) 150-ஆல வகுங்க, 253 கிலோமீட்டர். சேல்ஸ்மேன் சொல்ற நம்பர் பக்கத்துல இதை எழுதி வச்சுட்டு அப்புறம் விலை பேசுங்க.