குழலின் அதிர்வும் கட்டையின் இருக்கையும்

கோலாலம்பூரில் குறிசுடும் விளையாட்டில் பயிற்சி பெறுபவர், நேற்று ஒரே இடத்தில் குவிந்த குண்டுகள் இன்று சிதறக் கண்டால், தோட்டாவையும் தம் மூச்சையும் குறை கூறுவதற்கு முன்னர் ரைஃபிளின் இரும்புப் பகுதி மரக்கட்டையில் எவ்வாறு அமர்ந்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். குழல் முனை ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு திரும்பினாலே குண்டு 14.5 மில்லிமீட்டர் விலகிவிடும்.

சுடும்போது குழல், மீட்டிய தந்தியைப் போல அதிர்கிறது. குண்டு வெளியேறுவதற்குள்ளாகவே முனை அசையத் தொடங்கிவிடுகிறது. அதிர்வை அறவே நீக்க இயலாது. அது ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக நிகழ்ந்தால் போதும். வீணையில் மெட்டுகளைத் தாங்கும் மெழுகு இளகினால் சுரம் விலகுவதைப் போலவே, தாங்கும் இடம் மாறினால் குழலின் அதிர்வும் மாறுகிறது. நம் ஊரின் ஈரக்காற்றில் மரம் உப்பி வளைந்து குழலைத் தொடுவது உண்டு. என் அனுபவத்தில் பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

தோட்டா இல்லை என்பதை இருமுறை உறுதிசெய்து, குழலின் பின்வாயை மூடும் உருளையான போல்ட்டைக் கழற்றிய பிறகு, குழலுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு தாள் துண்டை நுழைத்துப் பின்னோக்கி இழுத்துச் செல்லுங்கள். தோள்வாரை இறுக்கிய நிலையிலும் தாள் தடையின்றி நகர வேண்டும். (சில ரைஃபிள்களில் கட்டையின் நுனி வேண்டுமென்றே குழலைத் தாங்குமாறு அமைக்கப்பட்டிருக்கும், அவற்றுக்கு இச்சோதனை பொருந்தாது.) அடுத்து, கட்டையின் நுனியையும் குழலையும் ஒருசேரத் தொடுமாறு விரலை வைத்துக்கொண்டு, கட்டையை இணைக்கும் திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். குழல் எழும்புவதை விரல் உணர்ந்தால், இரும்பு வளைந்த நிலையில் இறுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

அதைச் சரிசெய்ய, இரும்புப் பகுதி அமரும் பள்ளத்தில் எப்பாக்சி பிசினை வார்த்து, இரும்பின் வடிவத்துக்கேற்ற இருக்கையை உருவாக்குவார்கள். திருகுத் துளைகளில் அலுமினியக் குழாய்களைப் பொருத்தினால் மரம் நசுங்காது. மலேசியாவில் துப்பாக்கிகள் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்கு உட்பட்டவை. ஆகவே இவ்வேலையை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடமே ஒப்படையுங்கள்.

வேலை முடிந்ததும், உற்பத்தியாளர் குறித்த முறுக்கு விசையில் திருகுகளை இறுக்கி, அந்த அளவைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, ஒரே வகைத் தோட்டாவால் ஐந்தைந்தாகப் பலமுறை சுட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் ஒருமுறையும் வெயில் நாளில் ஒருமுறையும் சுட்ட தாள்களை அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்.