ஒரு பக்கம், 20 நிமிடம்: நண்பர்களோடு சேர்ந்து அல்பம் கேட்பது எப்படி

"இப்ப என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்?" என்று கேட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வரும். பெரும்பாலும் அதை யாரும் திறப்பதில்லை; திறந்தாலும் முதற் பாட்டோடு நின்றுவிடும். ஓர் அல்பம் மற்றவரின் காதுக்குள் உண்மையாகவே போகவேண்டுமென்றால் நாலு பேர் ஒரே அறையில் இருந்து கேட்பதுதான் வழி. வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடொன்றின் சின்ன வரவேற்பறை அதற்குத் தாராளம்.

படி 1: அல்பத்தை அல்ல, ஒரு பக்கத்தைத் தெரிவுசெய்யுங்கள்

நாலு பேர் ஆளுக்கொரு முழு அல்பம் கொண்டுவந்தால் மூன்று மணித்தியாலம் போய்விடும். இரண்டாவதிலேயே போனைத் தடவத் தொடங்குவார்கள். எல்.பி. இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 18 முதல் 22 நிமிடம் வரை ஓடும். அதற்கு மேல் இழுத்தால் பள்ளங்களை நெருக்கி வெட்டவேண்டும். சத்தமும் அடித்தொனியும் குறையும். அந்தக் காலத்துப் பொறியியல் வைத்த இந்த எல்லை, மனிதர் கவனம் சிதறாமல் இருக்கும் நேரத்துக்கும் நன்றாகவே பொருந்துகிறது. ஆகவே எதிலிருந்து கேட்டாலும் ஆளுக்கு 20 நிமிடம்.

இறுவட்டிலோ ஸ்ட்ரீமிங்கிலோ கேட்பதென்றால் அடுத்தடுத்து வரும் நாலைந்து பாட்டை எடுங்கள். பிடித்ததை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கினால் அது அல்பமல்ல, உங்கள் பிளேலிஸ்ட். பழைய திரைப்பாடல்கள் பல நிமிடத்துக்கு 45 சுழற்சி ஓடும் சின்ன ஈ.பி. தட்டில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு பாட்டாகத்தான் வந்தன. அப்படியானால் இரண்டு பக்கத்தையும் போடலாம். கர்நாடகக் கச்சேரியில் ராகம் தானம் பல்லவி தனியே 40 நிமிடத்தைத் தாண்டக்கூடும். அதைப் பாதியில் வெட்டாதீர்கள். அன்று வேறொருவரின் முறையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

ஸ்ட்ரீமிங்கில் ஒரே திரைப்படத்தின் பாடல்கள் நாலைந்து தொகுப்புகளில் கிடக்கும், வரிசை குழம்பியிருக்கும். இடம் வலம் பிரியாத பழைய மோனோப் பதிவுக்கு எதிரொலி சேர்த்துப் போலி ஸ்டீரியோ ஆக்கியவையும் உண்டு. பாட்டின் நீளத்தை இரண்டு இடத்தில் ஒப்பிடுங்கள். 20, 30 செக்கன் வித்தியாசமென்றால் ஒன்று படத்தில் வந்தது, மற்றது தட்டுக்கு வந்தது, அல்லது யாரோ இடையிசையை வெட்டியிருக்கிறார்கள்.

படி 3: அறை

ஒற்றை புளூடூத் ஸ்பீக்கர் பொதுவாக இடமும் வலமும் கலந்த சத்தத்தைத்தான் தரும். சின்னதென்றாலும் இரண்டு ஸ்பீக்கர் வேண்டும். இரண்டுக்கும் இடையில் 2 மீற்றர். கேட்பவர் இருக்கும் கதிரையும் ஒவ்வொன்றிலிருந்தும் அதே தூரம். உயர்தொனி ஸ்பீக்கர் காது மட்டத்தில் இருக்கட்டும். சுவரிலிருந்து 30 முதல் 50 சென்ரிமீற்றர் முன்னால் வையுங்கள். மூலையில் ஒட்டினால் மிருதங்கத்தின் இடந்தலை வீங்கி மற்றதையெல்லாம் விழுங்கும்.

நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். "ட்ர்ர்" என்று உலோகச் சத்தம் திரும்பி வந்தால் தரையோடும் வெறுஞ்சுவரும் எதிரொலிக்கின்றன. ஸ்பீக்கருக்கும் கதிரைக்கும் நடுவில் தடித்த பாயோ கம்பளமோ விரித்து, யன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டால் பாதி சரி. கடற்கரைப் பக்கத்து ரயில் சத்தத்துக்கும் இதே திரைச்சீலைதான், வேறு மருந்தில்லை. ஃபேனை முதலாம் வேகத்தில் விடுங்கள். முழுக்க நிற்பாட்டினால் கொழும்பு வெக்கையில் யாரும் 20 நிமிடம் அசையாமல் இருக்கமாட்டார்கள்.

படி 4: சத்தத்தைச் சமப்படுத்துங்கள்

ஆரம்பக்காரர் அதிகம் தவறவிடுவது இதைத்தான். இரண்டு பதிவில் ஒன்று ஓரிரு டெசிபெல் கூடுதலாக ஒலித்தாலே காது அதை "நல்ல பதிவு" என்று நம்பிவிடும். 1980களின் இறுவட்டுகள் சத்தம் குறைவாக ஒலிக்கும். 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு வந்தவை அழுத்தி உரப்பாக்கப்பட்டவை. அடுத்தடுத்துப் போட்டால் பழைய அல்பம் அநியாயமாகத் தோற்றுவிடும். கதிரையில் இருந்தபடி, போனிலுள்ள சத்தமளக்கும் செயலியால் ஒவ்வொருவர் பாட்டையும் ஒரு நிமிடம் அளந்து, சராசரி 75 டெசிபெல்லுக்கு அருகில் வாருங்கள். செயலி துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எல்லாரையும் ஒரே போனால் அளந்தால் போதும்.

ஸ்பொட்டிஃபையில் சத்தம் சமப்படுத்தும் வசதி இயங்கட்டும். ஆனால் பாட்டுகளை அல்பத்திலிருந்தே நேராகப் போடுங்கள். அப்போது அது முழு அல்பத்துக்கும் ஒரே அளவில் ஏற்றி இறக்கும்; சத்தம் குறைந்த பாட்டு அப்படியே இருக்கும். பிளேலிஸ்டில் போட்டாலோ ஷஃபிளில் விட்டாலோ ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியே இழுத்துச் சமப்படுத்தும். தாலாட்டும் குத்துப்பாட்டும் ஒரே உரப்பாகிவிடும். ஒரு பாட்டின் வாலில் மற்றதன் தலையை ஏற்றும் கிராஸ்ஃபேடைப் பூச்சியமாக்குங்கள்.

ஆளுக்காள் புளூடூத்தை மாற்றி மாற்றி இணைப்பது தலையிடி. 3.5 மில்லிமீற்றர் ஓக்ஸ் வயர் ஒன்றைக் கையிலிருந்து கைக்குக் கொடுங்கள். போனின் சத்தத்தை 90 வீதத்தில் நிறுத்தி, மிச்சத்தை அம்ப்ளிஃபையரில் திருப்புங்கள். பாட்டை முன்கூட்டியே தரவிறக்கி, போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். அழைப்பு மணி சரணத்தின் நடுவில்தான் வரும்.

படி 5: தட்டும் கசெட்டும் கொண்டுவருபவர்களுக்கு

வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த ரேர்ன்டேபிளை (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) மின்சாரத்தில் செருகுவதற்கு முன் பின்பக்க எழுத்தை வாசியுங்கள். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் (மின்சாரம் செக்கனுக்கு அலையும் தடவை). அமெரிக்காவின் 120 வோல்ற் இயந்திரத்துக்கு ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும். ஆனால் அது வோல்ற்றைத்தான் மாற்றும், ஹேர்ட்ஸை அல்ல. 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த ஏ.சி. மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். பாட்டு மூன்று சுரத்தானம் இறங்கிவிடும். டி.சி. அடப்டரில் ஓடுபவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. அடப்டரில் 100–240 என்று இருந்தால் செருகலாம்.

சத்தம் ஈனமாக, அடித்தொனியே இல்லாமல் வந்தால் ஊசியின் மெல்லிய சத்தத்தைப் பெருக்கிச் சீராக்கும் ஃபோனோ முன்பெருக்கி இல்லாமல் நேரே இணைத்திருக்கிறீர்கள். கரகரத்து உடைந்தால் முன்பெருக்கி ரேர்ன்டேபிளிலும் அம்ப்ளிஃபையரிலுமாக இரண்டு தடவை வேலைசெய்கிறது, ஒன்றை நிறுத்துங்கள். "ம்ம்ம்" என்ற இரைச்சலுக்கு முதலில் நில (ஏர்த்) வயரைத் தேடுங்கள். ஊசியின் பாரத்தை அதன் தயாரிப்பாளர் சொன்ன அளவில் வையுங்கள். குறைத்தால் நல்லதென்பது தவறு, ஊசி துள்ளிப் பள்ளத்தைச் சுரண்டும்.

கொழும்பு ஈரப்பதத்தில் பூஞ்சணம் நிச்சயம். வைனல் தட்டுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் நாலு பங்கு, ஐசோபுரொப்பைல் அல்ககோல் ஒரு பங்கு. மென்மையான துணியால் பள்ளம் போகும் போக்கிலேயே துடையுங்கள், நடுவிலுள்ள காகிதம் நனையக்கூடாது. தாத்தாவின் 78 சுழற்சித் தட்டில் அல்ககோலைத் தொடவே வேண்டாம். அது அரக்கு, கரைந்துவிடும். எல்.பி. ஊசியும் அதற்குச் சரிவராது. அகலப் பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலையே எடுக்கும். வெள்ளை படிந்த கசெட்டை ஓடவிடாதீர்கள்: பூஞ்சணம் கருவியில் நாடாவை வாசிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்தவரின் கசெட்டுக்கும் போகும்.

படி 6: அந்த மாலை

ஒருவர் இரண்டு நிமிடம் அறிமுகம் சொல்லலாம்: பெயர், ஆண்டு, இசை, பாடியவர், எழுதியவர், வாசித்தவர். ஸ்ட்ரீமிங் பக்கத்தில் பாடலாசிரியர் பெயர் சிலவேளை இராது; தட்டின் உறையில் தேடுங்கள். கதையைச் சொல்லிப் பாட்டை முந்தவேண்டாம். ஓடும்போது கதைக்கக்கூடாது, "இந்த இடத்தைக் கேளுங்கோ" என்பதும் சேர்த்துத்தான். முடிந்ததும் "பிடிச்சதா?" என்று கேட்டால் எல்லாரும் மரியாதைக்கு ஓமென்பார்கள். "எந்த வாத்தியம் முதலில் காதில் விழுந்தது?" என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும். ஐந்து நிமிடம் கழிய அடுத்தவர். நாலு பேருக்கு இரண்டு மணித்தியாலம், நடுவில் பிளேன்ரீயோடு. இரவு 10 மணிக்கு முன் முடித்தால் மேல்மாடிக்காரரும் அடுத்த முறைக்குத் தடைசொல்லார்.

படி 7: பிறகு குழுவில் போடுவது

லிங்கை மட்டும் போடாதீர்கள். உரிமை நாட்டுக்கு நாடு மாறுவதால் கனடாவிலிருக்கும் தங்கைக்குத் திறப்பது இங்கே சாம்பல் நிறத்தில் கிடக்கும். பெயர், ஆண்டு, பதிப்பு, கேட்ட பக்கம், முதற் பாட்டு எல்லாவற்றையும் எழுத்தில் போட்டு, அதன்கீழ் லிங்க். பாட்டை வொய்ஸ் நோட்டாகப் பதிந்து அனுப்பவேண்டாம். அது பேச்சுக்கென்று நசுக்கப்படுவது, வயலின் கொசுவாகிவிடும்.