தனியாரிடம் ஏடிஎச்டி மதிப்பீடும் ஏற்ற மருந்தும்: கிளம்புமுன் கேட்க வேண்டியவை, தொடங்கியபின் குறிக்க வேண்டியவை

பொது மருத்துவமனையில் பெயர் பதிந்துவிட்டு மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து சலித்தபின்தான் பெரும்பாலோர் பணம் கட்டித் தனியாரிடம் ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகையியக்கக் குறைபாடு) மதிப்பீடு செய்துகொள்வதைப் பற்றி யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். எனக்கு இந்தக் குறைபாடு இருக்கிறதா என்ற ஒரே கேள்வி அப்போது மனத்தை நிறைத்திருந்தது. அதற்கு இரண்டே சந்திப்புகளில் விடை கிடைத்துவிட்டது. எந்த மருந்து, எந்த அளவில், எந்த நேரத்தில் என்பது தெளிய மேலும் ஏழு மாதங்கள் ஆயின. செலவில் பெரும்பகுதியும் அந்த ஏழு மாதங்களில்தான் போயிற்று. மருந்துக் காலத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு முதல் சந்திப்புக்குக் கிளம்பியிருந்தால் பாதிச் சிரமம் குறைந்திருக்கும் என்பதால், வயது வந்தவர்களுக்கான இந்தக் குறிப்புகளை அந்த நோக்கிலேயே எழுதுகிறேன்.

யாரிடம் செல்வது

மதிப்பீடு செய்யப்போகிறவர் யார், அவருக்கு மருந்து எழுதித் தரும் உரிமை உண்டா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். மருத்துவ உளவியலாளர் மிக நுட்பமாக மதிப்பிடக்கூடும்; ஆனால் பெரும்பாலான நாடுகளில் அவரால் மருந்துச் சீட்டு எழுத இயலாது. மருந்தும் வேண்டியிருக்கலாம் என்று நினைப்பவர் நேராக மனநல மருத்துவரிடமே செல்லலாம். அல்லது உளவியலாளரின் அறிக்கையை ஏற்று மருந்து தொடங்கச் சம்மதிக்கும் மனநல மருத்துவர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசிவைக்கலாம். இதைச் செய்யாமல் விட்டால், ஒரே மதிப்பீட்டுக்கு இரண்டு முறை பணம் கட்ட நேரிடும்.

நேரம் பதிவதற்கு முன் கேட்க வேண்டியவற்றை மின்னஞ்சலில் கேட்பதே நல்லது. பதில் எழுத்தில் இருக்கும். சொல்லப்படும் கட்டணத்தில் என்னென்ன அடங்கும் என்பது முதல் கேள்வி. மதிப்பீடு, எழுத்து வடிவ அறிக்கை, மருந்தின் அளவைப் படிப்படியாகச் சீர்செய்யும் காலத்துச் சந்திப்புகள், ஒவ்வொரு மாதச் சீட்டு, அதன்பின் ஆண்டுதோறும் செய்யும் மறுபரிசீலனை என இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கட்டணம் இருக்கக்கூடும். நான் சென்ற இடத்தில் சீட்டுக்குத் தனிக் கட்டணம் உண்டென்பது மூன்றாவது சீட்டின்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்காதது என் தவறு. அளவு நிலைப்பட்டபின் வழக்கமாகப் பார்க்கும் குடும்ப மருத்துவரே சீட்டைத் தொடர்ந்து எழுத முடியுமா என்பது அடுத்த கேள்வி. அதை இரு தரப்பிலும் கேட்க வேண்டும். தனியார் அறிக்கையை ஏற்பதா மறுப்பதா என்பது பல இடங்களில் அந்தக் குடும்ப மருத்துவரின் முடிவாகவே இருக்கிறது. அவர் மறுத்தால் வாழ்நாள் முழுதும் தனியார் கட்டணத்தில் மருந்து வாங்க வேண்டியிருக்கும் என்பதைக் கட்டணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

நான் இன்று கேட்பதாக இருந்தால் இன்னொன்றும் கேட்பேன்: உங்களிடம் வந்தவர்களில் ஏடிஎச்டி இல்லை என்று சொல்லி அனுப்பியவர்களும் இருக்கிறார்களா? வருகிற எல்லோருக்கும் உண்டு என்று சொல்லும் இடத்தில் கிடைக்கும் அறிக்கைக்கு வேறெந்த மருத்துவரிடமும் மதிப்பிருக்காது. கேள்வித்தாளை நிரப்பச் சொல்லிவிட்டு அரைமணி நேரத்தில் முடிவைச் சொல்லும் இடத்தையும், இளமைக்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடக் கேட்காத இடத்தையும் தவிர்க்கலாம்.

மதிப்பீட்டுக்குத் தயாராவது

மதிப்பீட்டாளர்கள் பெரும்பாலும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற மனநோய்க் கையேட்டையோ, 2022-இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 என்ற உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டையோ பின்பற்றுகிறார்கள். டிஎஸ்எம்-5 கவனமின்மைக்கு ஒன்பது அறிகுறிகளையும், மிகையியக்கத்துக்கும் முன்யோசனையற்ற செயலுக்கும் சேர்த்து ஒன்பது அறிகுறிகளையும் வகுத்திருக்கிறது. 17 வயது நிறைந்தவருக்கு இரண்டு பட்டியல்களில் ஒன்றிலாவது குறைந்தது ஐந்து அறிகுறிகள் ஆறு மாதங்களாவது இருந்திருக்க வேண்டும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, வேலை, படிப்பு, நட்பு என வாழ்வின் இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். அன்றாட வாழ்க்கையைப் பாதித்திருக்க வேண்டும். வேறொரு நோயால் அவற்றை மேலும் பொருத்தமாக விளக்க முடியாதிருக்கவும் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 18 கேள்விகள் கொண்ட தன்மதிப்பீட்டுத் தாளை முன்கூட்டியே நிரப்பிக்கொண்டு போகலாம். ஆனால் அது, மேலே விசாரிக்க வேண்டுமா என்பதைச் சலித்துக் காட்டும் கருவி மட்டுமே; அதில் எவ்வளவு மதிப்பெண் வந்தாலும் நோய் உறுதியாகிவிடாது.

உண்மையான மதிப்பீடு நேர்காணலில்தான் நடக்கிறது. டிவா-5 போன்ற கட்டமைக்கப்பட்ட நேர்காணலில் ஒவ்வோர் அறிகுறிக்கும் இப்போதைய வாழ்க்கையிலிருந்தும் இளமையிலிருந்தும் தனித்தனியே எடுத்துக்காட்டுக் கேட்பார்கள். இங்கேதான் நம்மில் பலர் தடுமாறுகிறோம். எனக்கு மறதி அதிகம் என்று சொன்னால், எல்லோருக்கும் மறதி உண்டே என்ற எண்ணத்தைத்தான் அது எழுப்பும். மின்கட்டணத்தைக் கட்டப் பணம் கையில் இருந்தும், மூன்று நினைவூட்டல்கள் வந்தும், கடைசியில் அபராதத்தோடு கட்டினேன், இது இந்த ஆண்டில் நான்காவது முறை என்று சொன்னால் அதில் மதிப்பிடுவதற்குச் சரக்கு இருக்கிறது. ஆகவே, சந்திப்புக்கு முந்தைய இரண்டு வாரங்களில் இப்படிப்பட்ட நிகழ்வுகளை நடந்தவுடனே எழுதி வைப்பது மிகவும் உதவும். நேர்காணலன்று நினைவை நம்பிப் போவது இந்தக் குறைபாடு உள்ளவருக்கு ஆகாத காரியம்.

இளமைக்காலத்துக்குப் பழைய பள்ளி மதிப்பெண் அட்டைகளைத் தேடிப் பார்க்க வேண்டும். மதிப்பெண்ணைவிட அதன் அடியில் ஆசிரியர் எழுதிய ஒற்றை வரி பயன்படும். பெற்றோரையோ மூத்த உடன்பிறப்பையோ பேசச் சொல்வார்கள். தாய்மார்கள் பிள்ளையை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். என் தாயாரிடம் மருத்துவர் கேட்டபோது, சின்ன வயதில் ஒரு தொல்லையும் இல்லை, நல்ல பிள்ளை என்றார். வீட்டுப்பாடத்தை எப்படி முடிப்பேன் என்று அவர் மாற்றிக் கேட்டபோது, “நான் தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், நான் எழுந்தால் அதுவும் எழுந்துவிடும்” என்று வெகு இயல்பாகச் சொன்னார். மருத்துவர் பேனாவை எடுத்தது அப்போதுதான். வகுப்பில் துள்ளித் திரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், இப்படித்தான் கவனிக்கப்படாமல் வளர்ந்துவிடுகிறார்கள்.

தைராய்டு கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மனச்சோர்வு, பதற்றநோய், இருமுனை மனநோய் ஆகியவையும் கவனத்தைச் சிதறடிக்கும். குருதிச் சோதனையோ தூக்கம் பற்றிய விசாரணையோ வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் அதைத் தட்டிக்கழிப்பதாக எண்ண வேண்டாம். மது, கஞ்சா போன்ற பழக்கம் இருந்தால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மருந்தைத் தேர்வதே அதைப் பொறுத்து மாறும்.

முதல் மாத்திரைக்கு முன்

மருந்து தொடங்குமுன் இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, எடை மூன்றையும் அளந்து குறித்திருக்க வேண்டும். பின்னால் ஒப்பிடுவதற்கு அதுவே அடிப்படை. இதயநோய், மயக்கம் வந்த வரலாறு, நெருங்கிய உறவினர் 40 வயதுக்குள் திடீரென்று இறந்த செய்தி, கண்ணழுத்த நோய், கர்ப்பம், உட்கொள்ளும் பிற மருந்துகள் ஆகியவற்றைக் கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும். மோனோ அமைன் ஆக்சிடேஸ் தடுப்பான் வகை மருந்தை (மனச்சோர்வுக்குத் தரும் ஒரு பழைய வகை) நிறுத்திக் குறைந்தது 14 நாள் கழியாமல் ஏடிஎச்டி மருந்துகளைத் தொடங்கக் கூடாது. இதயம் சார்ந்த ஐயம் இருந்தால் இசிஜி எடுப்பார்கள்.

ஏற்ற மருந்தைக் கண்டடைவது

ஏடிஎச்டி மருந்துகள் இரு பிரிவு. மெதில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமின் குடும்பம் ஆகிய தூண்டு மருந்துகள் எடுத்த அன்றே வேலை செய்யும். அடமாக்செடின், குவான்ஃபசின் போன்ற தூண்டாத மருந்துகள் நாளடைவில் வேலை செய்யும். 133 மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஆய்வு, குறுகிய காலத்தில் குழந்தைகளுக்கு மெதில்ஃபெனிடேட்டையும் பெரியவர்களுக்கு ஆம்ஃபெட்டமின் வகையையும் முதல் தேர்வாகச் சொன்னது. பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி பெரியவர்களுக்கு மெதில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமின் குடும்பத்தைச் சேர்ந்த லிஸ்டெக்ஸ்ஆம்ஃபெட்டமின் இரண்டில் எதையும் முதலில் தரலாம் என்கிறது. போதிய அளவில் ஆறு வாரம் கொடுத்தும் பயனில்லையென்றால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறலாம் என்றும் சொல்கிறது. ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றொன்று நன்றாக ஒத்துப்போவதுண்டு. யாருக்கு எது என்பதை முன்கூட்டிச் சொல்லும் சோதனை எதுவும் இல்லாததால், எடுத்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

உடனடியாகக் கரையும் மெதில்ஃபெனிடேட் மூன்று நான்கு மணி நேரமே நிற்கும். நீண்டநேர வகைகள் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை நிற்கும். அவற்றுள் ஒருவகை மாத்திரையின் மேற்பூச்சில் 22 விழுக்காடு மருந்து இருக்கும். மீதி உள்ளிருந்து மெல்லக் கசியும். வேலை முடிந்த வெற்றுக்கூடு மலத்தில் முழு மாத்திரைபோலவே வெளியேறுவதைக் கண்டு மருந்து செரிக்கவில்லை என்று பயந்துபோவோர் உண்டு. பயப்பட வேண்டாம், ஆனால் அந்த மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. லிஸ்டெக்ஸ்ஆம்ஃபெட்டமின் சிவப்பணுக்களில் மாறிய பிறகே வேலை செய்யத் தொடங்குவதால், மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். வணிகப் பெயர் மாறினால் மருந்து கசியும் வேகமும் மாறக்கூடும் என்பதால், கடையில் வேறு நிறுவனத்தின் மாத்திரையைத் தந்தால் மருத்துவரிடம் கேட்டபின் எடுத்துக்கொள்வது நல்லது.

குறைந்த அளவில் தொடங்கி, ஒரு வாரமோ அதற்கு மேலோ கவனித்து, மருத்துவர் சொல்லும் படியில் ஏறுவதே முறை. பெரியவர்களுக்கு நீண்டநேர மெதில்ஃபெனிடேட் 18 மி.கி.யிலிருந்து 36, 54 என்றும், லிஸ்டெக்ஸ்ஆம்ஃபெட்டமின் 30-லிருந்து 50, 70 என்றும் ஏறுவது வழக்கம். மேலே ஏறுவது முன்னேற்றம் என்று எண்ணுவது எளிது. நானும் அப்படி எண்ணினேன். அளவு கூடிப்போனால் நெஞ்சு படபடக்கும், வாய் உலரும், எதிலும் ரசனையற்று ஒருவித மரத்த நிலை வரும், அல்லது மேசை இழுப்பறையை மூன்று மணி நேரம் அடுக்கிக்கொண்டிருப்போம். அப்படியானால் ஒரு படி இறங்குவதுதான் சரியான அளவு. முதல் நாள் உண்டாகும் உற்சாகத்தையும் மருந்தின் பலனாகக் கொள்ளக் கூடாது. அது சில நாளில் அடங்கும், அடங்கியபின் எஞ்சுவதையே மதிப்பிட வேண்டும்.

இக்காலத்தில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாத்திரையை அதே நேரத்தில் எடுப்பது, காப்பியைக் குறைத்து ஒரே அளவில் வைத்துக்கொள்வது, பசி மங்குவதற்குமுன் காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிடுவது ஆகிய மூன்றும் நிலையாக இருந்தால்தான் மருந்து செய்வது எது என்று தெரியும். கூடவே ஒரு நோட்டு வேண்டும். என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கிறது: “எட்டு மணி, 36. ஒன்பதேகாலுக்கு வேலையில் உட்கார்ந்தேன், எழுந்தது பதினொன்றுக்கு. ஒரு மணிக்குப் பசியில்லை, பாதிச் சாப்பாடு. நாடி 88. ஐந்தரைக்குக் குழந்தை ஏதோ கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். பத்தேமுக்கால் தூக்கம்.” இந்த மருந்தால் எனக்குக் கோபம் வருகிறது, மாற்றிவிடுங்கள் என்று சொல்லத்தான் அடுத்த சந்திப்புக்குப் போயிருந்தேன். மருத்துவர் நோட்டைப் புரட்டி, பத்து நாளில் ஏழு நாள் எரிச்சல் ஐந்துக்கும் ஆறுக்கும் இடையிலேயே வந்திருப்பதைக் காட்டினார். அது மருந்து இறங்கும்போது வரும் எதிர்விளைவு. மருந்தை மாற்றாமல், பிற்பகலில் சிறிய அளவு உடனடி மாத்திரை ஒன்றைச் சேர்த்தார், எரிச்சல் அடங்கியது. நோட்டு இல்லாமல் போயிருந்தால் எனக்கேற்ற மருந்தையே கைவிட்டிருப்பேன். வீட்டில் உள்ள ஒருவரையும் வாரம் ஒருமுறை இரண்டு வரி எழுதச் சொல்லலாம். நமக்குத் தெரியாத மாற்றம் அவர்களுக்குத் தெரியும். மாதவிடாய் உள்ளவர்கள் அந்த நாள்களையும் குறிக்க வேண்டும். அதற்கு முந்தைய வாரத்தில் மருந்து போதாததுபோல் தோன்றுவதைப் பலர் சொல்கிறார்கள்.

அடமாக்செடினுக்குப் பொறுமை வேண்டும். நான்கு முதல் ஆறு வாரத்தில் பலன் தெரியத் தொடங்கும், முழுப் பலனுக்குப் பன்னிரண்டு வாரமும் ஆகலாம். ஃப்ளூவாக்செடின், பராக்செடின் ஆகிய மனச்சோர்வு மருந்துகளை எடுப்பவர்களுக்கு அடமாக்செடினின் அளவு உடலில் ஏறும் என்பதால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். குவான்ஃபசினைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் எகிறக்கூடும்.

நெஞ்சுவலி, மயக்கம், இல்லாததைக் காண்பது கேட்பது, தற்கொலை எண்ணம் இவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

அளவு நிலைப்பட்டபின்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்த அழுத்தமும் நாடியும் எடையும் பார்ப்பதும், ஆண்டுக்கு ஒருமுறை மருந்து இன்னும் தேவையா என்று பரிசீலிப்பதும் வழக்கம். குடும்ப மருத்துவரிடம் மாறும்போது, மதிப்பீட்டு அறிக்கையோடு, முயன்ற மருந்துகள், அவற்றின் அளவுகள், நிறுத்தியதற்கான காரணம், கடைசி அளவீடுகள் அடங்கிய கடிதம் ஒன்றையும் கேட்டு வாங்க வேண்டும். மெதில்ஃபெனிடேட்டும் ஆம்ஃபெட்டமினும் 1971-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் ஒப்பந்தத்தில் இரண்டாம் பட்டியலில் உள்ள கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். எனவே பிறருக்குப் பகிர்வது குற்றம். வெளிநாடு செல்லுமுன் அந்நாட்டின் விதியைத் தூதரகத்தில் கேட்டு, சீட்டையும் மருத்துவர் கடிதத்தையும் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். கடைகளில் ஒரு மாதத்துக்கு மேல் தர மாட்டார்கள் என்பதும், சில வேளை இருப்பே இல்லாமல் போகும் என்பதும் வழக்கமாதலால், பத்து நாள் மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்த சீட்டைக் கேட்டுவிட வேண்டும். கவனக்குறைவுக்கான மருந்தைக் கவனமாக வாங்கச் சொல்வது சற்று அநியாயம்தான். எங்கள் வீட்டில் அந்தத் தேதியை நாள்காட்டியில் வட்டமிடும் பொறுப்பு என் மனைவியுடையது.