பேயெள்ளைத் தூவிவிட்டு மறந்துவிடாதீர்கள்

கன்னடத்தில் இதற்கு ஹுச்செள்ளு, அதாவது பைத்திய எள் என்று பெயர். கிருஷ்ணகிரிப் பக்கம் அது உச்செள்ளு ஆனது. பேயெள்ளு என்ற எண்ணெய் வித்துப் பயிரும் இதுதான். வேறு எதுவும் விளையாத சரளை மண்ணிலும் தலைகாட்டுவதால் இந்தப் பயிருக்கு எந்தக் கவனிப்பும் வேண்டாம் என்று நாமே முடிவு கட்டிவிட்டோம். முதல் தவறு அதுதான். ‘கிடந்தால் கிடக்கட்டும்’ என்று கேழ்வரகு வயலின் ஓரத்தில் தூவிவிட்டு, கடைசியில் விளைச்சல் இல்லை என்று பயிரைக் குறை சொல்கிறோம்.

பெயரில் எள் இருந்தாலும் இது எள்ளின் உறவல்ல, சூரியகாந்திக் குடும்பம். எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் பிறந்து, அங்கே நூக் என்ற பெயரில் இன்றும் முக்கிய எண்ணெய் வித்தாக இருக்கிறது. நம் நாட்டில் ஒடிசாவின் கோராபுட், ஆந்திராவின் அரக்கு போன்ற மலைப்பகுதிகளில் பழங்குடி உழவர்கள் இதைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள்.

பெரிய தவறு பூக்கும் பருவத்தில் நடக்கிறது. பேயெள்ளில் ஒரு செடியின் மகரந்தம் அதே செடியில் விதை பிடிக்க உதவாது. அடுத்த செடியிலிருந்து தேனீ கொண்டுவர வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் ஆசைக்கு ஒற்றைச் செடி வைத்தவர்கள் மஞ்சள் பூவைப் பார்த்து மகிழலாம், விதைக்கு ஏங்கக்கூடாது. வயலில் பூ விரிந்திருக்கும்போது பூச்சிமருந்து அடிப்பவர் தன் விளைச்சலையே சேர்த்துக் கொல்கிறார். மாறாக, வயலோரம் நாலைந்து தேனீப் பெட்டிகள் வைத்தால் விதையும் கூடும், தேனும் கிடைக்கும்.

அடுத்தது அம்மையார் கூந்தல். மஞ்சள் நூல்போல், இலையே இல்லாமல், செடியைச் சுற்றிச் சாறு உறிஞ்சும் ஒட்டுண்ணிக் களை. இதன் விதையும் பேயெள்ளோடு கலந்து வந்துவிடும். சலிக்காமல், பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கிய விதையை அப்படியே தெளிப்பது இந்தக் களைக்கு நாமே வாசல் திறந்துவிடுவது. அது ஒருமுறை மண்ணில் விழுந்தால் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து முளைக்கும். அமெரிக்காவில் பறவைத் தீனிக்காகப் பேயெள்ளை இறக்குமதி செய்யும்போது அதைச் சூடேற்றியே உள்ளே விடுகிறார்கள். அதற்குக் காரணமே இத்தகைய களை விதைகள்தான். நம் வயலுக்கு அந்தக் காவல் இல்லை. நுண்ணிய சல்லடையில் சலியுங்கள். நூல் தெரிந்த உடனே, அது பூப்பதற்கு முன்பே, பற்றிய செடியோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். பாவம் பார்த்து நூலை மட்டும் உருவினால் மிஞ்சிய துண்டு மறுபடி தழைக்கும்.

விதை மிகச் சிறியது. ஏக்கருக்கு 2 கிலோ போதும். மணலோடு கலந்து தூவாவிட்டால் ஓரிடத்தில் நெருக்கமாகவும் இன்னோரிடத்தில் வெறுமையாகவும் முளைக்கும். முளைத்தபின் நெருக்கமான செடிகளைப் பிடுங்கிக் கலைத்துவிட மனம் வராதவர்களுக்கு ஒல்லிக்குச்சிச் செடிகள்தான் மிச்சம். யூரியாவை அள்ளிக் கொட்டினால் தழை செழித்துச் சாய்ந்துவிடும்.

எல்லாப் பூவும் காயட்டும் என்று அறுவடைக்குக் காத்திருப்பவர்கள் மண்ணுக்குத்தான் விதை கொடுக்கிறார்கள். இலை காய்ந்து பூத்தலைகள் கருக்கத் தொடங்கியதும், பனி ஈரம் இருக்கும் காலையில் அறுத்துக் களத்தில் உலர்த்தித் தட்டினால் உதிர்வு குறையும்.

சமையலறையிலும் இதே அலட்சியம்தான். விதையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய். அதில் பெரும்பகுதி லினோலிக் அமிலம் என்ற எளிதில் கெடும் கொழுப்பு என்பதால் நல்லெண்ணெய் போல நினைத்து மாதக்கணக்கில் வைத்தால் சிக்கு வாடை அடித்துவிடும். கொஞ்சமாக ஆட்டி, வெளிச்சம் படாமல் மூடி வையுங்கள். பொடி இடிக்க, சட்டி காய்ந்ததும் தீயைத் தணித்து, விதை படபடவென்று வெடித்ததும் இறக்கிவிடுங்கள். கருகினால் கசந்துவிடும். காய்ந்த மிளகாய், பூண்டு, புளி, உப்பு சேர்த்து இடித்த அந்தக் கறுப்புப் பொடியைக் கேழ்வரகுக் களியோடு ஒருமுறை தின்று பாருங்கள்.